ஆறு திரைக்குப் பிறந்த கார்டு

மூன்று மானிட்டர்களை வரிசையாக வைத்து கேம் ஆட எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்று கேட்பவர்கள் ஒரு மாடல் எண்ணைத்தான் எதிர்பார்க்கிறார்கள். எண்ணைச் சொல்வது எளிது. அடுத்த வரிசை வந்ததும் அது பழசாகிவிடும். அதற்குப் பதில் ஒரு கார்டின் வாழ்க்கைக் கதையைச் சொல்வது மேல் என்று நினைக்கிறேன். 2009-இல் பிறந்த ஏடிஐ ரேடியான் எச்டி 5870 அது. இன்று அதை யாரும் தேடி வாங்க வேண்டியதில்லை. ஆனால் பல திரைகளில் விளையாட ஆசைப்படுபவருக்கு வரும் சிக்கல்கள் எல்லாம் அந்தக் கார்டுக்கும் வந்தன. சிலவற்றுக்கு அது விடை கண்டது. மற்றவற்றைப் பின்னால் வந்தவர்களிடம் விட்டுவிட்டுப் போனது.

அதற்கு முன்னோர்கள் உண்டு. 1983-இல் ஜப்பானின் தட்சுமி நிறுவனம் உருவாக்கிய டிஎக்ஸ்-1 என்ற கார் பந்தய ஆர்கேட் இயந்திரத்திலேயே மூன்று திரைகள் இருந்தன. 1993 டிசம்பரில் வந்த டூம் விளையாட்டின் தொடக்கப் பதிப்புகளில் இன்னொரு வழி இருந்தது. மூன்று கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைத்தால் நடுவில் இருப்பது முன்காட்சியையும் மற்ற இரண்டும் இடப்பக்க, வலப்பக்கக் காட்சிகளையும் காட்டும். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தாலே பெரிது என்ற காலத்தில் மூன்றுக்கு எங்கே போவது? சில மாதங்களில் வந்த புதிய பதிப்பில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

ஒரே கார்டில் மூன்று திரை என்ற எண்ணத்தை வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது கனடாவில் மான்ட்ரியல் அருகே டோர்வாலில் இருக்கும் மேட்ராக்ஸ். 1999-இல் அவர்களுடைய ஜி400 கார்டு இரண்டு மானிட்டர்களை ஓட்டியது. 2002-இல் வந்த பர்ஹீலியா மூன்றை ஓட்டியது. 1280×1024 அளவில் மூன்று திரைகளைச் சேர்த்து 3840×1024 என்ற அகலமான ஒரே காட்சியாக விளையாட்டுக்குக் கொடுத்தது. விலை 399 டாலர். நினைவகத்துக்குப் போகும் பாதையை 256 பிட் அகலத்துக்கு விரித்திருந்தார்கள். அன்றைக்கு அது பெரிய விஷயம். ஆனால் சிப்பின் வேகம் 220 மெகாஹெர்ட்ஸ்தான். சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் பொருளை வரையாமல் விட்டு உழைப்பை மிச்சப்படுத்தும் உத்திகளும் அதில் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏடிஐ ரேடியான் 9700 புரோ வந்தது. பர்ஹீலியாவின் கதை அதோடு முடிந்தது. மூன்று திரைகளை இணைக்கத் தெரிந்த கார்டுக்கு மூன்று திரைகளுக்கும் படம் வரைய வலு இல்லை. இந்த முரண் இந்தத் துறையை இன்றும் விடவில்லை.

மேட்ராக்ஸ் அந்த எண்ணத்தைக் கைவிடவில்லை. 2006-இல் டிரிபிள்ஹெட்டூகோ என்று ஒரு சிறிய பெட்டியைச் செய்தார்கள். கார்டிலிருந்து வரும் ஒரே கேபிள் அதில் நுழையும். மூன்று மானிட்டர்களுக்கான கேபிள்கள் வெளியே வரும். மிக அகலமான ஒரே மானிட்டர் இணைக்கப்பட்டிருப்பதாகக் கம்ப்யூட்டரை அது நம்பவைக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இரண்டு மானிட்டர்களை ஒன்றாக நீட்டும் வசதியைச் சில டிரைவர்களே தந்தன. விஸ்டா வந்தபோது டிரைவர்களின் அடிப்படை அமைப்பு மாறியதால் அதுவும் போயிற்று. அதன்பின் பல திரை ரசிகர்களுக்கு மிஞ்சியது பெரும்பாலும் அந்தப் பெட்டிதான்.

எச்டி 5870 உருவானது இந்தச் சூழலில். ஏடிஐ நிறுவனம் 1985-இல் டொரான்டோவை ஒட்டிய மார்க்கமில் தொடங்கப்பட்டது. 2006-இல் ஏஎம்டி அதை 540 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த தலைமுறை சிப்பை வடிவமைத்துக்கொண்டிருந்தபோது, ஆறு திரைகளுக்கு வழி வேண்டும் என்று விளையாட்டு ரசிகர்கள் யாரும் மனுக் கொடுக்கவில்லை. கேட்டவர்கள் லேப்டாப் தயாரிப்பாளர்கள். லேப்டாப்பின் சொந்தத் திரை, பக்கவாட்டில் உள்ள போர்ட், மேசையில் வைக்கும் டாக்கில் உள்ள போர்ட்கள் என்று எல்லாவற்றுக்கும் சிப்பிலிருந்து தனித்தனி வழி இருந்தால் அவர்களுக்கு வேலை சுலபம். எல்லாம் ஒரே நேரத்தில் எரிய வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கையில் இல்லை. வழிகளைப் போட்ட பிறகு, ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் இயக்க அதிகம் செலவாகாது என்பது பொறியாளர்களுக்குத் தெரியவந்தது. அங்கேதான் ஏஎம்டியின் கேரல் கில்புரூ வருகிறார். சுற்றிலும் திரைகள் சூழ்ந்த ஓர் அறைக்குள் நின்று விளையாடும் நாள் வர வேண்டும் என்று கனவு கண்ட மனிதர் அவர். லேப்டாப்புக்காகப் போட்ட வழிகளை விளையாட்டுக்குத் திருப்பும் திட்டத்தை அவர் முன்னெடுத்தார். சன்ஸ்பாட் என்ற ரகசியப் பெயரில் அது நடந்தது. போட்டி நிறுவனமான என்விடியாவின் காதுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, நிறுவனத்துக்குள்ளேயே வேலைக்குத் தேவையான சிலரைத் தவிர மற்றவர்களுக்குச் சொல்லவில்லை.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பல திரை விளையாட்டை எல்லோர் கைக்கும் எட்டவைத்தது கணக்கிடும் வேகம் கூடியது மட்டுமல்ல. கேபிள் செருகும் இடத்தைப் பற்றி அலுவலகத் தேவைக்காக வைக்கப்பட்ட ஒரு சாதாரணக் கோரிக்கையும்தான்.

சிப் தயாரானது தைவானில், சிஞ்சுவைத் தலைமையிடமாகக் கொண்ட டிஎஸ்எம்சியில். 40 நானோமீட்டர் முறை அப்போது புதிது, அடம்பிடித்தது. சிப்பின் அடுக்குகளை மேலும் கீழும் இணைக்கும் நுண்ணிய துளைகள் சரியாக அமையாமல் பல சிப்கள் வீணாயின. 2009 ஏப்ரலில் எச்டி 4770 என்ற சிறிய கார்டை அதே முறையில் முதலில் செய்துபார்த்து, ஏஎம்டி இந்தத் தொல்லையை முன்கூட்டியே அறிந்துகொண்டது. துளை ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கட்டும் என்று அவற்றை இரட்டிப்பாக்கி 5870-இன் சிப்பை வடிவமைத்தார்கள். 334 சதுர மில்லிமீட்டர் சிலிக்கானில் 215 கோடி டிரான்சிஸ்டர்கள், 1,600 கணக்கிடும் அலகுகள். இவ்வளவு முன்னேற்பாடு இருந்தும் வெளியான முதல் மாதங்களில் கேட்டவர்களுக்கெல்லாம் கார்டு கிடைக்கவில்லை.

2009 செப்டம்பர் 10 அன்று பத்திரிகையாளர்களைக் கலிபோர்னியாவின் அலமேடாவுக்கு அழைத்தார்கள். அங்கே யுஎஸ்எஸ் ஹார்னெட் என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பல் அருங்காட்சியகமாக நிற்கிறது. 1969-இல் நிலவுக்குப் போய்த் திரும்பிய அப்போலோ 11 வீரர்களைப் பசிபிக் கடலிலிருந்து ஏற்றிக்கொண்ட கப்பல் அது. அங்கே அறிமுகமான தொழில்நுட்பத்துக்கு ஐஃபினிட்டி என்று பெயர். 2560×1600 அளவுள்ள ஆறு திரைகளை மேலே மூன்று, கீழே மூன்றாக அடுக்கினால் 7680×3200. இரண்டு கோடியே 45 லட்சம் பிக்சல்களுக்கு மேல். அத்தனையும் ஒரே கார்டிலிருந்து. டிரைவர் இந்த ஆறையும் ஒட்டி ஒரே பெரிய திரை என்று விண்டோஸுக்குச் சொல்லிவிடும். விளையாட்டுக்கு ஆறு திரை இருப்பதே தெரியாது. மேட்ராக்ஸின் பெட்டி வெளியே செய்த வேலையை இந்தக் கார்டு தனக்குள்ளேயே செய்தது.

செப்டம்பர் 23 அன்று கடைக்கு வந்த 5870-இன் விலை 379 டாலர். நீளம் ஏறக்குறைய 27 சென்டிமீட்டர். கறுப்பு உறையில் சிவப்புக் கோடு. ஒரு ஜிபி நினைவகம், முழு உழைப்பில் 188 வாட் மின்சாரம். அதன் பின்தகட்டில் இரண்டு டிவிஐ, ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளேபோர்ட் என்று நான்கு போர்ட்கள். நான்கு இருந்தாலும் ஓடியது மூன்று திரைகள்தான். அந்த மூன்றாவது திரை கட்டாயம் டிஸ்ப்ளேபோர்ட் வழியாகத்தான் போக வேண்டும். ஆசையோடு வாங்கி வந்து, வீட்டில் இருந்த மூன்று டிவிஐ மானிட்டர்களைச் செருகியவர்கள் மூன்றாவது திரை இருட்டாகவே கிடப்பதைப் பார்த்துத் திகைத்தார்கள்.

இதற்கான காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டிவிஐ, எச்டிஎம்ஐ இரண்டும் பிக்சல்களை ஒன்றன்பின் ஒன்றாக, அந்தந்த மானிட்டரின் அளவுக்கும் புதுப்பிப்பு வேகத்துக்கும் ஏற்ற கதியில் அனுப்புகின்றன. அவை தனித்தனிக் காலப்பிரமாணத்தில் பாடும் பாடகர்கள். ஒவ்வொருவருக்கும் தாளம் போடத் தனி ஆள் வேண்டும். 5870-இல் அப்படித் தாளம் போடுபவர்கள் இரண்டே பேர். டிஸ்ப்ளேபோர்ட் அப்படியில்லை. அதன் இணைப்பு முன்பே வகுத்த சில வேகங்களில் ஒன்றில்தான் ஓடும். பிக்சல்கள் சிறு பொட்டலங்களாக அதில் ஏறிப்போகும். ஆகவே எத்தனை டிஸ்ப்ளேபோர்ட் திரைகள் இருந்தாலும் ஒரே தாளம் எல்லோருக்கும் போதும். ஆறு திரை சாத்தியமானது இதனால்தான். மூன்றாவது டிவிஐ திரை சாத்தியமாகாததும் இதனால்தான். டிஸ்ப்ளேபோர்ட் இல்லாத மானிட்டரை இணைக்க, தனக்குள்ளேயே தாளம் உண்டாக்கிக்கொள்ளும் ஆக்டிவ் அடாப்டர் தேவைப்பட்டது. பெரிய திரைகளுக்கான அடாப்டர் அன்று 100 டாலரை ஒட்டி விற்றது. ஒரு நடுத்தர மானிட்டர் வாங்கும் காசில் பெரும்பகுதி ஒரு அடாப்டருக்கே போயிற்று. விலை குறைந்த சாதாரண அடாப்டரை வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

2010 மார்ச் கடைசியில் ஐஃபினிட்டி 6 பதிப்பு வந்தது. பின்தகட்டில் ஆறு மினி டிஸ்ப்ளேபோர்ட்கள், இரண்டு ஜிபி நினைவகம், 479 டாலர். நினைவகத்தை ஏன் இரட்டிப்பாக்கினார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 5760×1080 அளவில் ஒரு முழுக் காட்சியை வைத்துக்கொள்ள ஏறக்குறைய 25 எம்பி வேண்டும். பொருள்களின் ஆழத்தைக் குறித்துவைக்க இன்னொரு 25. விளிம்புகளை மழமழப்பாக்க ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு மாதிரி எடுத்தால் இரண்டும் சேர்ந்து 200 எம்பி ஆகிவிடும். சுவரின் செங்கல், தரையின் புல் முதலிய படங்கள் எல்லாம் அதற்கு மேல். ஒரு ஜிபி கார்டு ஒற்றைத் திரையில் சரளமாக ஓட்டிய விளையாட்டு, மூன்று திரையில் திக்கித் திணறியதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். சிப்பின் வலுவை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டால் கம்ப்யூட்டரின் பொது நினைவகத்துக்குப் போய்வர வேண்டும். அந்த நொடியில் கார் பந்தயத்தில் வளைவு தவறிவிடும்.

திரைகளைச் சேர்த்ததும் சட்டங்கள் கண்ணை உறுத்தின. இரண்டு மானிட்டர்களின் ஓரச் சட்டங்கள் நடுவே நிற்கும்போது, சாலையின் வெள்ளைக்கோடு ஒரு திரையில் முடிந்து அடுத்த திரையில் வேறு உயரத்தில் தொடங்கும். சட்டத்துக்குப் பின்னாலும் படம் இருப்பதாகக் கணக்கிட்டு, மறைந்த பகுதியைக் காட்டாமல் விட்டால் கோடு நேராகிவிடும். 2010 மார்ச் மாத டிரைவரில் இந்தத் திருத்தத்தைச் சேர்த்தார்கள். காரின் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே உள்ள தூணைத் தாண்டி வெளியே பார்ப்பதைக் கண் எப்படிப் பழகிக்கொள்கிறதோ அதேபோல் இதையும் பழகிக்கொள்ளும் என்று சிலர் சொன்னார்கள். ஓட்டும் விளையாட்டுகளில் அது உண்மை. இரண்டு திரை மட்டும் வைத்துக்கொண்டு சுடும் விளையாட்டு ஆடினால் குறிபார்க்கும் புள்ளி சரியாகச் சட்டத்தின் மேல் விழும். அதற்குப் பழக்கம் உதவாது. விளையாட்டுக்கு ஒன்று அல்லது மூன்று என்று சொல்வது இதனால்தான்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. விளையாட்டுகள் முப்பரிமாண உலகைத் தட்டையான ஒரே தளத்தின் மேல் வரைகின்றன. நடுவில் எல்லாம் சரியாக இருக்கும். ஓரத்துக்குப் போகப்போக உருவங்கள் அகலவாக்கில் இழுபடும். நேர்ப்பார்வையிலிருந்து 45 பாகை விலகிய இடத்தில் ஒரு பொருள் நடுவில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு அகலத்தில் இழுபடும். 60 பாகையில் நான்கு மடங்கு. திரைகளைத் தட்டையாக வைத்து, கணக்கு எதிர்பார்க்கும் இடத்தில் கண்ணை வைத்தால் குறை தெரியாது. ஆனால் யாரும் அப்படி வைப்பதில்லை. பக்கத் திரைகளை உள்நோக்கித் திருப்பிக்கொள்கிறோம். திருப்பியதும் அந்தக் கணக்கு பொய்யாகிறது. சக்கரங்கள் முட்டை வடிவில் நீளும், ஓரத்தில் நிற்கும் வீரன் பருத்துத் தெரிவான். ஒவ்வொரு திரைக்கும் அதனதன் கோணத்தில் தனியாக வரைந்தால்தான் இது தீரும். ஐரேசிங், அசெட்டோ கோர்சா முதலிய கார் பந்தய சிமுலேட்டர்கள் அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டன. 2016-இல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1080 ஒரே தடவையில் பல கோணங்களுக்கு வரையும் வழியை சிப்பிலேயே தந்தது. 2020-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டருக்கு இத்தகைய பல திரை ஏற்பாடு 2022-இல்தான் சோதனை முறையில் சேர்ந்தது. ஆகவே கார்டைத் தேர்ந்தெடுக்குமுன் உங்கள் விளையாட்டு இதைச் செய்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். செய்யாத விளையாட்டுக்கு எவ்வளவு விலையுள்ள கார்டும் ஓரத்தை நேராக்கித் தராது.

போட்டியாளர் என்ன செய்தார்? 2010 ஜனவரியில் என்விடியா சரவுண்ட் என்ற தன் பதிலை அறிவித்தது. அதற்கான டிரைவர் ஜூன் கடைசியில் வந்தது. ஆனால் அன்றைய என்விடியா சிப் ஒன்று இரண்டு திரைகளைத்தான் ஓட்டும். மூன்றாவது திரை வேண்டுமானால் இரண்டாவது கார்டை வாங்கி இணைக்க வேண்டும். 2012 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 680 வரை இதே நிலை. வலுவான சிப் கையில் இருந்தும், வெளியே போகும் வழி போதாததால் இரண்டரை ஆண்டுகள் ஏஎம்டிக்குப் பின்னால் நின்றார்கள்.

இதற்கிடையில் 5870-இன் வாழ்க்கை யாரும் நினைக்காத பக்கம் திரும்பிவிட்டது. 2010 இறுதியில் கிராபிக்ஸ் கார்டில் பிட்காயின் மைனிங் செய்யும் மென்பொருள்கள் பரவத் தொடங்கின. பிட்காயினை ஈட்டித் தரும் அந்தக் கணக்கில் எண்ணின் பிட்களைச் சுழற்றும் வேலை திரும்பத் திரும்ப வரும். ஏஎம்டி சிப் அதை ஒரே கட்டளையில் முடித்துவிடும். அன்றைய என்விடியா சிப்புக்குப் பல கட்டளைகள் வேண்டும். 5870 நொடிக்கு 35 கோடிக்கும் மேற்பட்ட முயற்சிகளைச் செய்தது. 2011 ஜூனில் ஒரு பிட்காயின் 30 டாலரைத் தொட்டபோது, அதற்குள் பழைய தலைமுறையாகிவிட்ட இந்தக் கார்டைத் தேடித் தேடி வாங்கினார்கள். மரச்சட்டங்களிலும் பால் கூடைகளிலும் நான்கைந்தாகக் கட்டி, மின்விசிறி இரைய இரவு பகலாக ஓட்டினார்கள். மானிட்டர் எதுவும் இணைக்கவில்லை என்றால் கார்டு விழித்துக்கொள்ளாது. அதனால் மின்தடைகளைச் செருகிய ஒரு போலி பிளக்கை அதன் போர்ட்டில் மாட்டி, திரை இருப்பதாக அதை நம்பவைத்தார்கள். ஆறு திரைகளுக்கு வழியுள்ள சிப் இல்லாத ஒரு திரையை நம்பிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வெந்தது. பின்தகட்டில் அவ்வளவு சிரமப்பட்டு அமைத்த டிஸ்ப்ளேபோர்ட்டில் தூசி படிந்தது. எனக்கு இது வருத்தமான அத்தியாயம். 2013-இல் அந்த வேலைக்கென்றே செய்த தனி இயந்திரங்கள் வந்ததும் கார்டுகள் மூட்டை மூட்டையாகப் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. பேரிங் தேய்ந்த விசிறியும் காய்ந்துபோன வெப்பப் பசையுமாக வந்தவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சுத்தம் செய்து, மறுபடி விளையாட்டுக்குத் திருப்பியவர்களும் உண்டு.

2015 நவம்பரில் ஏஎம்டி எச்டி 5000 வரிசை முழுவதையும் பழைய தலைமுறைப் பட்டியலுக்கு மாற்றியது. விண்டோஸில் அதற்குப் பின் புதிய விளையாட்டுகளுக்கான கவனிப்பு அதற்குக் கிடைக்கவில்லை. லினக்ஸில் மட்டும் திறந்தமூல டிரைவர் எழுதும் தன்னார்வலர்கள் அந்தச் சிப் குடும்பத்தை நெடுங்காலம் காப்பாற்றி வந்தார்கள்.

கார்டு போனாலும் அது வகுத்த வழி நின்றது. இன்று கடையில் கிடைக்கும் நடுத்தர, உயர்தரக் கார்டுகளில் பெரும்பாலானவற்றின் பின்தகட்டில் மூன்று டிஸ்ப்ளேபோர்ட்டும் ஒரு எச்டிஎம்ஐயும் இருக்கின்றன. நான்கு திரைகள் வரை ஒரே கார்டு ஓட்டும். அதனால் போர்ட் பிரச்சினை முழுக்கத் தீர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். இப்போது கேள்வி எண்ணிக்கையைப் பற்றியதல்ல, கொள்ளளவைப் பற்றியது. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 நொடிக்கு 32.4 கிகாபிட் சுமக்கும். மானிட்டரின் தேவை அதைத் தாண்டினால் டிஎஸ்சி என்ற சுருக்கும் முறை நுழைகிறது. மிக அதிகமான ரெசல்யூஷனையும் மிக அதிகமான புதுப்பிப்பு வேகத்தையும் சேர்த்துக் கேட்டால், சில கார்டுகள் ஒரே மானிட்டருக்கு உள்ளே இரண்டு திரைகளுக்கான வழியை ஒதுக்கிவிடும். அப்போது இன்னொரு போர்ட் வேலை செய்யாது. மூன்று டிவிஐ செருகித் திகைத்தவர்களின் அனுபவம், பதினைந்து ஆண்டுகள் கழித்து வேறு உருவில் வந்து நிற்கிறது. 2023-இல் சாம்சங் 7680×2160 அளவில் 57 அங்குல வளைந்த மானிட்டர் ஒன்றை வெளியிட்டது. இரண்டு 4கே திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம். அதன் 240 ஹெர்ட்ஸ் வேகத்தை, அன்றைக்கு என்விடியாவின் தலைசிறந்த கார்டான ஆர்டிஎக்ஸ் 4090 தர முடியவில்லை. 120 ஹெர்ட்ஸோடு நின்றது.

வலுவுக்கு என் கணக்கு எளியது. மூன்று 1080பி திரைகளுக்கு 62 லட்சம் பிக்சல். ஒரு 4கே திரைக்கு 83 லட்சம். ஆகவே கார்டு விமர்சனங்களில் 4கே வேகம் என்ன என்று பாருங்கள். உங்கள் மூன்று 1080பி திரைகளில் அதைவிடச் சற்று நன்றாகவே ஓடும். மூன்று 1440பி என்றால் ஒரு கோடியே 10 லட்சம் பிக்சல். 4கேயைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். 4கேயில் 60 ஃபிரேமைத் தொட்டுத் திணறும் கார்டு அங்கே உங்களை ஏமாற்றும். பார்வை அகலும்போது காட்சிக்குள் வரும் மரங்களும் கார்களும் கூடுவதால் பிராசஸர் மேலும் சுமை ஏறும். நினைவகத்தில் கஞ்சத்தனம் கூடாது. மூன்று 1080பிக்கு 12 ஜிபியும் மூன்று 1440பிக்கு 16 ஜிபியும் நான் பரிந்துரைக்கும் அளவு. இரண்டு கார்டு வாங்கி இணைக்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2021 தொடக்கத்தோடு என்விடியா அந்த ஏற்பாட்டுக்கான புதிய டிரைவர் ஆதரவை நிறுத்திவிட்டது. புதிய விளையாட்டுகள் இரண்டாவது கார்டைக் கண்டுகொள்வதில்லை.

மின்சாரக் கட்டணம் பற்றியும் ஒரு சொல். கார்டு சும்மா இருக்கும்போது நினைவகத்தின் வேகத்தைக் குறைத்து மின்சாரம் மிச்சப்படுத்தும். படம் மாறும் இடைவெளியில், அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில்தான் வேகத்தை மாற்ற முடியும்; இல்லாவிட்டால் திரை சிமிட்டும். மானிட்டர்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடினால் எல்லோருக்கும் பொதுவான இடைவெளி கிடைக்காது. கார்டு எப்போதும் முழு வேகத்திலேயே நிற்கும். நீங்கள் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தாலும் அது சூடாகிக்கொண்டிருக்கும். 5870-க்கும் இந்தக் குறை இருந்தது. புதிய கார்டுகள் சிலவற்றிலும் இருக்கிறது.

கார் பந்தயமும் விமானமும் ஓட்டுபவர் என்றால் மூன்று திரை போடுங்கள். பக்கவாட்டில் வரும் காரைத் தலையைத் திருப்பிப் பார்க்கும் அனுபவத்தை வேறெதுவும் தராது. மற்ற விளையாட்டுகளுக்கு ஒரே அகலத் திரை போதும், செலவும் குறைவு. இது என் தீர்ப்பு. மூன்று என்று முடிவாகிவிட்டால் முதலில் மானிட்டரைத் தீர்மானியுங்கள். பிறகு சென்னையின் ரிச்சி தெருவோ, ஊரில் உள்ள கடையோ, எங்கே போனாலும் கார்டின் பின்தகட்டைக் காட்டச் சொல்லி, உங்கள் மூன்று கேபிள்களும் எங்கே நுழையும் என்று விரல் வைத்துப் பாருங்கள். அதன் பிறகு நினைவகத்தைக் கேளுங்கள். மாடல் எண்ணையும் விலையையும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். மூன்று மானிட்டரையும் மதர்போர்டில் செருகாமல் அந்தக் கார்டிலேயே செருகுங்கள். மூன்றும் ஒரே மாடலாக, ஒரே புதுப்பிப்பு வேகத்தில் இருக்கட்டும். முடிந்தால் ஒரே நாளில் சேர்த்து வாங்கிவிடுங்கள்.